ஓரம் பாத்து

சின்னவேடம்பட்டியில் மழை விட்டு ஒரு மணி நேரம்.
மருதாசலத்தின் பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறும்,
குனிந்து நுழைந்தேன்.
"நிக்குதுங்க. மறுக்கா மறுக்கா நிக்குதுங்க."
பம்பு அச்சு விடிகாலை அரசூர் போயாக வேண்டுமாம்.

பழைய கன்ட்ரோல். வயிறு சின்னது.
முழு புரோகிராமும் அதற்குள் அடங்காது,
கம்ப்யூட்டர் வாய் வாயாக ஊட்ட
தின்றுகொண்டே இரும்பைக் குடையும்.
நிறைந்தால் 'நிறுத்து' என்று ஒரு குறி,
காலியானால் 'அனுப்பு' என்று இன்னொன்று.
இந்த இரண்டு பேச்சில்தான்
அவற்றின் இருபது வருஷக் குடித்தனம்.

வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறிலிருந்து பாதியாக்கினேன்.
ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி, இரண்டு ஸ்டாப்:
இரு பக்கமும் ஒரே பதில்.
கனெக்டரைத் திறந்தேன்.
இரண்டும் மூன்றும் குறுக்கே மாறித்தான் இருக்கின்றன.
யாரோ பொறுமைசாலி வைத்த ஈயம்,
இழுத்தாலும் வரவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றது.
அப்புறம் மூவாயிரத்துச் சொச்சம்.
அப்புறம் தொண்ணூறிலேயே.
ஒவ்வொரு தடவையும் சிவப்பில் அலாரம் எண்பத்தைந்து,
ஒவ்வொரு தடவையும் மருதாசலம் வாட்சைப் பார்ப்பார்.

பக்கத்து ஷெட்டில் ரிக் வண்டிக்கு வெல்டிங்.
ஊதா வெளிச்சம் நம் சுவரில் ஏறி விழுகிறது.
விழும்போதுதானா?
இரண்டு முறை பார்த்தேன். விழும்போதுதான்.
கேபிளைத் தடவிக்கொண்டே போனால்
ஸ்பிண்டில் மோட்டார் ஒயரோடு ஒட்டுக்கா
ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பார்வைக்கு அழகாக.
அறுத்தேன். எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்தேன்.
ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் விட்டேன்.

அலாரம் ஒழிந்தது.
இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாறில் நின்றது.

சிவப்பு இல்லை, எண் இல்லை.
கட்டர் காற்றில் சும்மா சுழல்கிறது,
யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல.
திரும்ப ஓட்டினேன். அதே வரி.

கண்ட இடத்தில் நின்றால் கம்பியைச் சந்தேகி.
ஒரே இடத்தில் நின்றால்
கம்பியை விடு, அதில் போவதைப் பார்.
ஃபைலைத் திறந்தேன்.
எக்ஸும் ஒய்யும் எண்களுமான காட்டுக்குள்
அடைப்புக்குறி போட்டு ஒரு தமிழ்:
'ஓரம் பாத்துண்ணா.'

பகல் ஷிப்டு கோகிலவாணி தட்டியது.
தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்.
ஏழு பிட் கம்பியில் எட்டாவது அறுபட்டுப் போகும்.
'ஓ'வின் கடைசி பைட்டில் தலையை வெட்டினால்
மிச்சம் பத்தொன்பது.
மெஷின் பாஷையில் பத்தொன்பது என்றால்
'நிறுத்து.'

சொன்னதைக் கேட்டிருக்கிறது, பாவம்.

நைட் ஷிப்டு நிரஞ்சன் பெஹெரா
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"என்னன்னு எழுதியிருக்குதுங்க?"
படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அண்ணான்னா நான்தானுங்க.
போன வெள்ளிக்கிழமை அந்த ஓரத்துல
கட்டர் முறிஞ்சது என்ற கையிலதானுங்க."
ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருஷம்.
பேச்சு வந்துவிட்டது, எழுத்து இன்னும் வரவில்லை.

அழித்தால் வேலை முடியும்.
விரல் போனது, திரும்பி வந்தது.
அதே சொல்லை இங்கிலீஷ் எழுத்தில்,
எல்லாம் பெரிய எழுத்தாக, அடித்தேன்.
நிரஞ்சன் கூட்டிக் கூட்டி வாசித்தான்.
இரண்டாம் தடவை சிரித்தான்.

இரண்டாயிரத்து இருநூறு வந்ததும்
அவன் கை ஃபீட் குமிழுக்குப் போய்விட்டது.
நூறிலிருந்து அறுபது. நாற்பது.
பதினாறு தாண்டியது, ஓரம் திரும்பியது,
சுருள் சுருளாகச் சூடான சிம்புகள் விழுந்தன.

ஷட்டரடியில் மருதாசலம்:
"இத்தனைக்கும் ஒரு எழுத்துதானுங்களா?"
ஆமாங்க.
"அப்ப பில்லும் ஒரு எழுத்துக்குத்தானுங்க போடோணும்."